கணவாய்க்கு அப்பால் இருந்தவர்கள்

நன்சல்மாவுக்கு நாற்காலி ஆகாது என்று வங்கியில் ஒரு பேச்சு உண்டு. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் எழுந்துவிடுவாள். சன்னல் ஓரம் போய் நிற்பாள், அங்கிருந்தே கேள்வி கேட்பாள், பதில் பாதி வரும்போதே கதவுப் பக்கம் போயிருப்பாள். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் நடுவீதியில், உயரமான கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், துணைத் தலைவர் என்று பலகை மாட்டிய அறை அவளுக்கு இருந்தது. அந்த அறையின் தரைவிரிப்பு மேசைக்கு அடியில் புதிதாகவும் மேசையைச் சுற்றி நூல் பிரிந்தும் கிடந்தது.

"உன் வாயில ஒரு பல்லைப் பிடுங்கணும்னா நாலு பேரைக் கூப்பிடணும்," என்பான் அவள் கணவன் சோத்னோம். அவன் பல் மருத்துவன். "நாலு பேரும் உன்னைப் பிடிச்சுக்கிறதுக்கு. பிடுங்க நான் ஒருத்தனே போதும்."

பிறவியிலேயே அப்படியா, காலம் அவளை அப்படி ஆக்கியதா என்று சொல்ல முடியாது. ரஷ்யாவின் இர்கூத்ஸ்க் நகரில் சோஷலிசப் பொருளாதாரம் படித்துப் பட்டத்தோடு அவள் ஊர் திரும்பிய வருஷம், அவள் படித்த பொருளாதாரமே இல்லாமல் போயிருந்தது. வேலை தருவதாக இருந்த திட்டக் கமிஷன் கலைந்துவிட்டது. கடை அலமாரிகளில் உப்பும் தீப்பெட்டியும் மட்டும் இருந்தன. எல்லோரையும் போல அவளும் பெரிய கட்டம் போட்ட பைகளைத் தூக்கிக்கொண்டு பெய்ஜிங் ரயிலில் ஏறினாள். போகும்போது தோலும் கம்பளியும், திரும்பும்போது ஜீன்ஸும் தெர்மாஸ் குடுவைகளும். எல்லையில் தண்டவாள அகலம் மாறுவதால் ரயிலைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் மாற்றுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள். அவள் பெட்டி பெட்டியாக நடந்து, யாரிடம் என்ன சரக்கு, எங்கே என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போவாள்.

அப்படி ஒரு பயணத்தில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்த ஒருவரையும் எழுப்பிக் கேட்டுவிட்டாள். அவரிடம் சரக்கு எதுவும் இல்லை. தலைநகரில் புதிதாக வங்கி தொடங்கப்போகிறவர் அவர். "தூங்கறவனை எழுப்பி விலை கேக்கிற பொண்ணை நான் இப்பத்தான் பாக்கறேன். திங்கக்கிழமை வந்து கவுன்ட்டர்ல உக்காரு," என்றார்.

உட்கார்ந்தாளோ நின்றாளோ, கவுன்ட்டர் அவளுக்குப் பிடித்துப்போனது. குளிர்காலத்தில் ஓய்வூதிய நாளன்று விடியும் முன்பே வாசலில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். கம்பளி அங்கிக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு, மூச்செல்லாம் புகையாக, நகராமல் நிற்பார்கள். வாசலில் ஒருவர் நிற்கும்வரை கவுன்ட்டரை மூடக்கூடாது என்று அவள் தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அவள் மேலே போகப்போக அந்தச் சட்டமும் கூடவே போய், கடைசியில் வங்கி முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வாள்: "உங்க கண்ணு முன்னாடி நிக்கிறவங்கதான் வங்கி. மத்ததெல்லாம் வெறும் காகிதம்."

பழைய ரஷ்ய வேனில் பணப்பெட்டியும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு, சாலையே இல்லாத தூரத்துச் சோம்களுக்கெல்லாம் போனாள். சோம் என்றால் நம் ஒன்றியம் மாதிரி. ஆனால் மனிதர்கள் சில நூறு பேர், ஆடும் குதிரையும் பல ஆயிரம். வேன் நின்றால் மேய்ப்பர்கள் குதிரையில் வந்து சுற்றி நிற்பார்கள். அவளுக்கு அந்த வருஷங்கள்தாம் வாழ்க்கை. துணைத் தலைவரான பிறகு வெளிநாட்டுப் பங்குதாரர்கள் வந்தார்கள். திரையில் வண்ண வண்ணக் கோடுகள் ஏறி இறங்கின. அவள் சன்னலோரம் நின்று கீழே போகும் பேருந்துகளை வேடிக்கை பார்த்தாள்.

அப்போதுதான் தாம்பா கூப்பிட்டார். ஆளுங்கட்சியின் பெருந்தலைகளில் ஒருவர், கால்நடையும் மேய்ச்சலும் பார்க்கிற அமைச்சகத்துக்குப் புதிதாக அமைச்சராகியிருந்தவர். உணவகத்தில் அவித்த ஆட்டிறைச்சியைக் கத்தியால் அரிந்து அவள் தட்டில் வைத்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, உங்க வங்கில நாலு லட்சம் கணக்கு இருக்காமே. என்கிட்ட ஆறு கோடி கால்நடை இருக்கு. ஒண்ணுக்கும் கணக்கு இல்ல. வந்து பாரேன்."

"என்னவா வரணும், அண்ணே?"

"துணை அமைச்சரா. கார் உண்டு. நாற்காலி உண்டு. சம்பளம்..." என்று கத்தியைக் காற்றில் ஆட்டினார். "அதை விடு. சாப்பிடு."

வீட்டுக்கு வந்து கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். சோத்னோம் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தான்.

"எப்ப சேரணும்?"

"நான் இன்னும் சரின்னே சொல்லல."

"வந்து அரைமணி நேரமாச்சு, இன்னும் கோட்டைக் கழட்டல நீ. சொல்லிட்ட."

அமைச்சகத்தில் அவளுக்கு எதிர் அறையில் செயலாளர் சுலூன்பாத் இருந்தார். நான்கு அமைச்சர்கள் வந்து போவதைப் பார்த்த மனிதர். சுலூன் என்றால் கல். எந்தக் காகிதத்தையும் வரிக்கு அடியில் அளவுகோல் வைத்து இரண்டு முறை படிப்பார். முதல் வாரத்திலேயே நன்சல்மா அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"இதுல கையெழுத்துப் போட இன்னும் எவ்வளவு நாளாகும்?"

"படிச்சாத்தானே போட முடியும், தலைவரம்மா."

"படிக்க எவ்வளவு நாளாகும்?"

"எழுதினவர் எடுத்துக்கிட்டதுல பாதி." அளவுகோலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "உக்காருங்களேன். தேநீர் சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. கால்நடை மருந்துக்கான கோப்பு ஒன்று கோடை முழுக்க மேசை மேசையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசை முன்னும் போய் நின்று, ஒரே வாரத்தில் எல்லாக் கையெழுத்தையும் வாங்கினாள். துணை அமைச்சரே எதிரில் வந்து நின்றால் யார்தான் பேனாவை எடுக்காமல் இருப்பார்கள்? எழுத்தர்கள் பயந்தார்கள், கொஞ்சம் ரசிக்கவும் செய்தார்கள். "கல்லும் காத்தும் ஒரே மாடியில குடியிருக்குது," என்று மாடிப்படியில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. காற்று என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. கல்லைப் பற்றி அவள் நினைத்ததெல்லாம், அது வழியில் கிடக்கிறது என்பதுதான்.

அந்த வருஷம் கோடையில் மழை பொய்த்தது. புல் விரல் உயரம்கூட வளரவில்லை. முதல் பனி சீக்கிரமே விழுந்தது. பிறகு இரண்டு நாள் வெயில் அடித்துப் பனி உருகியது. மூன்றாம் நாள் குளிர் இறங்கி, உருகியதெல்லாம் கண்ணாடியாக உறைந்தது. இருக்கிற கொஞ்சம் புல்லும் அந்தக் கண்ணாடிக்கு அடியில். குதிரைக் குளம்புகூட அதை உடைக்காது. மந்தையைக் கொல்லும் குளிர்காலத்துக்கு ஸூட் என்று பெயர்; இந்த வகையைத்தான் இரும்பு ஸூட் என்பார்கள். மேற்கு மாகாணங்களிலிருந்து தொலைபேசி வந்தவண்ணம் இருந்தது.

இதற்கென்றே அரசாங்கக் கையிருப்புக் கிடங்குகளில் புல்லுக்கட்டும் தவிட்டு மூட்டையும் அடுக்கிக் கிடந்தன. ஆனால் பேரிடர் என்று அமைச்சரவை அறிவித்தால்தான் பூட்டைத் திறக்க முடியும். அமைச்சரவையோ தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதில் மும்முரமாக இருந்தது. தாம்பாவின் கட்சிக்காரர்களே பாதிப்பேர் அணி மாறியிருந்தார்கள். "அடுத்த வாரம் தங்கச்சி, கண்டிப்பா அடுத்த வாரம்," என்றார் தாம்பா. அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

நன்சல்மா சுலூன்பாத்தின் அறைக்குப் போனாள். "கெட்டுப்போகாம இருக்கப் பழைய சரக்கை வெளியேத்திப் புதுச் சரக்கு வைக்கலாம்னு விதில ஏதாவது இருக்கா?"

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "இருக்கு. துணை அமைச்சர் நேர்ல பாத்து உத்தரவு போடலாம்."

"அங்க இருக்கிறது எல்லாமே பழசு."

அவர் எழுந்து ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தார். "நானும் வர்றேன்," என்றார்.

மேற்கே ஒரு மாகாணத் தலைநகரில் இறங்கினார்கள். குளிரில் மூக்குமயிர் உறைந்து குத்தியது. கிடங்கின் இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒரு பெருங்கூட்டம். சமவெளியில், நல்ல சாலையின் ஓரத்திலேயே இருக்கும் ஷார்ஹூதக் சோம்காரர்கள் அவர்கள். லாரி, டிராக்டர், குதிரை வண்டி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய சோம் தலைவர் ரெஞ்சின் கேட்டின் மேலேயே ஏறி நின்றிருந்தார்.

"அக்கா! வங்கி அக்காதானே நீங்க? எங்க ஊருக்கு வேன்ல வந்தவங்க! டேய், நம்ம அக்காடா! இனிமே பூட்டுக்கு வேலையில்ல!"

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் தன் அங்கியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி கண் மூடிக் கிடந்தது. "இதோட அம்மா காலைல விழுந்துடுச்சு," என்றாள். அழவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

கிடங்கின் காவல் அறையில் வைத்து நன்சல்மா உத்தரவில் கையெழுத்திட்டாள். சுலூன்பாத்தும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். படிக்காமலே போட்டார். பிறகு சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு, தலைவரம்மா. கிடங்கு லாரிங்க முதல்ல ஊலான்ஹத்துக்குப் போகட்டும்."

ஊலான்ஹத் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் சோம். மாகாணத்திலேயே ஒதுக்குப்புறம்.

"அங்கேருந்து ஒருத்தரும் வரலியே."

"வர முடியலன்னுதானே வரல. கணவாய் இன்னும் ரெண்டு நாள் திறந்திருந்தாப் பெரிசு. இவங்க சாலையோரம் இருக்காங்க, எப்ப வேணாலும் கொடுக்கலாம்."

அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஷார்ஹூதக் ஆட்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். புருவமெல்லாம் பனி படிந்து வெள்ளை.

"இவங்க நிக்கிறாங்க, செயலாளரே. நின்னுக்கிட்டிருக்கிறவங்ககிட்டப் போய், வராதவங்களுக்கு முதல்ல கொடுக்கறேன்னு என்னால சொல்ல முடியாது. இன்னிக்கு இவங்களுக்கு ஏத்துவோம். நாளைக்குத் திரும்பற லாரிங்க நேரா கணவாய்க்குப் போகட்டும்."

"அது உங்க தீர்மானம்," என்றார் அவர்.

கேட்டைத் திறந்தார்கள். நன்சல்மா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானும் மூட்டை தூக்கினாள். வருஷக்கணக்காகக் கால்களில் துடித்துக்கொண்டிருந்தது அன்று கைகளுக்கு வந்து சேர்ந்தது. யாரோ பாட்டை ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ரெஞ்சின் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே, "பாருங்கடா, துணை அமைச்சரு தவிட்டு மூட்டை சுமக்கிறாங்க! உங்க மாமியாரு சுமப்பாங்களா?" என்று கத்தினார். சாயங்காலத்துக்குள் கிடங்கில் முக்கால் பாகம் காலி.

மறுநாள் மத்தியானம் லாரிகள் திரும்பின. அவை மறுபடி ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது காற்று எழுந்துவிட்டது. கணவாயின் அடிவாரத்திலிருந்து முதல் லாரியின் ஓட்டுநர் கூப்பிட்டார்: "எதிர்ல எதுவுமே தெரியல, தலைவரே. ரோடு எதுன்னு தெரியல. மலை எதுன்னும் தெரியல." பனியைத் தள்ளப் போன புல்டோசர் பாதி வழியில் புதைந்தது. ஆட்களை மட்டும் மீட்டு வந்தார்கள். அந்தக் கணவாய் மூன்று வாரம் திறக்கவில்லை.

உலான்பாத்தரில் நடந்தது வேறு. ரெஞ்சின் எடுத்த படம் நாடு முழுக்கப் பரவியது. தொலைக்காட்சியில் அவள் மூட்டை சுமப்பதை மெதுவாக ஓடவிட்டு இசை சேர்த்திருந்தார்கள். அமைச்சரவை ஒருவழியாகக் கூடிப் பேரிடர் அறிவித்தது. அவள் உத்தரவையும் முன்தேதியிட்டு ஏற்றுக்கொண்டது. கவிழ இருந்த அரசு அந்தக் கைதட்டலில் இன்னும் சில மாதம் தப்பித்தது.

"தங்கச்சி, நாலு வருஷமா நான் பேசின பேச்சுக்கெல்லாம் சேத்து இவ்வளவு கைதட்டு விழல," என்றார் தாம்பா. "முதுகு எப்படி இருக்கு? அடுத்த குளிருக்கும் வேணும்."

நன்சல்மா தினமும் காலையில் ஒரே கேள்வியைக் கேட்டாள்: கணவாய் திறந்ததா? ஒருநாள் திறந்தது. ஊலான்ஹத்திலிருந்து அறிக்கை வந்தது. அதைச் சுலூன்பாத்தே அவள் அறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பத்தில் எட்டு கால்நடை இல்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். அவர் சொல்லவில்லை. "தேநீர் சொல்லட்டுமா?" என்றார்.

வசந்தத்தில், நகரெங்கும் புழுதிக்காற்று வீசிய ஒரு நாள், வரவேற்பறைப் பெண் உள்ளே வந்து, "ஒருத்தர் காலைலேருந்து உக்காந்திருக்காரு. மனு எதுவும் இல்லையாம். உங்களைப் பாக்கணுமாம்," என்றாள்.

வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். பெயர் ஜிக்மித். நீல அங்கி, புதிதாக வாங்கிய நகரத்துச் சப்பாத்து. முறைப்படி மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கி முகர்ந்து திருப்பித் தந்தாள். மந்தை நலமா என்று கேட்பதுதான் அடுத்த வழக்கம். அவள் வாய் திறந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கேளுங்க, பரவால்ல," என்றார் ஜிக்மித். "மந்தை நல்லா ஓய்வா இருக்கு. ஊலான்ஹத்துல. எல்லாம் படுத்துடுச்சு."

"அண்ணே..."

"நான் ஒண்ணும் கேக்க வரல. இங்கதான் மூத்த பையன் வீட்டோரமாக் கூடாரம் போட்டிருக்கேன். பாய்லர்ல கரி தள்ற வேலை கிடைச்சிருக்கு. டிவில உங்களைப் பாத்தேன். எங்க தவிட்டைத் தோள்ல தூக்கிட்டுப் போனீங்க. நல்லாத்தான் தூக்கினீங்க. எங்க தவிட்டை இவ்வளவு ஆசையாத் தூக்கின ஆளை ஒரு தடவை நேர்ல பாத்துடணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். "வங்கில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. பாய்லர் வேலை வேண்டாம். நான் பேசி..."

"வங்கி வாசல்ல நின்னு கதவு தெறந்துவிடவா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "வேண்டாம் தங்கச்சி. கரி பேசாது."

"அந்த ஷார்ஹூதக் ஆளுங்க வாசல்ல நின்னாங்க, அண்ணே. நான் அவங்களைப் பாத்தேன். உங்களைப் பாக்கல. செயலாளர் சொன்னாரு. நான் கேக்கல."

ஜிக்மித் குப்பியைப் பட்டுப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தார். "அவங்களும் மனுஷங்கதான். அவங்க ஆடும் ஆடுதான். கொடுத்தது தப்புன்னு யார் சொன்னா?" எழுந்துகொண்டார். "நாங்க அங்க உக்காந்து லாரி சத்தம் வருதான்னு கேட்டுட்டிருந்தோம். என் பொண்டாட்டிக்குக் காது கூர்மை. வருது வருதுன்னு சொல்லிட்டே இருந்தா. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மே மாதம், சேறு காயும் முன்பே, நன்சல்மா ஊலான்ஹத்துக்குப் புறப்பட்டாள். தாம்பா வேண்டாமென்றார். "நல்ல பேரோட இருக்க. எதுக்கு அங்க போய்ப் பேச்சு வாங்கற?"

பேச்சு வாங்கத்தான் போனாள். சோம் மண்டபத்தில் கூடியவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். லாரிகளை முதலில் இங்கே அனுப்பச் சொன்னார்கள், நான் அனுப்பவில்லை என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சொல்லிட்டீங்க இல்ல? மனசு லேசாயிடுச்சா? இப்ப எங்க பாரத்தோட உங்க பாரத்தையும் சேத்து நாங்க வெச்சுக்கணுமா?"

மறுநாள் நன்சல்மா பள்ளத்தாக்கில், செத்த கால்நடைகளைக் குழிக்கு இழுக்கும் ஆட்களோடு போய் நின்றாள். துணிக் கையுறை ஒன்றை யாரோ தூக்கிப் போட்டார்கள். யாரும் அவளோடு பேசவில்லை, போகவும் சொல்லவில்லை. மூன்று நாள் அங்கே இருந்தாள். நாற்றம் அவள் கோட்டை விட்டுப் போகாததால் சோத்னோம் அதை மொட்டைமாடியில் வைத்து எரித்தான். அந்தத் தடவை கேலி எதுவும் பேசவில்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமை சுலூன்பாத்தின் அறைக்குள் போய், முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கிடங்கு வாசல்ல நின்னு யாருக்கு முதல்லன்னு இனிமே ஒருத்தரும் முடிவு பண்ணக் கூடாது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு சோம்லயும் தனிக் கிடங்கு. இலையுதிர் காலத்துக்குள்ள ரொம்பியிருக்கணும். திறக்கிற சாவி அந்தந்த ஊர்க்காரங்ககிட்ட. இதை எப்படி எழுதறது?"

"மெதுவா எழுதறது," என்றார் அவர்.

அப்படித்தான் ஆனது. கோடையில் தாம்பா இருந்த அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த அமைச்சர், "நல்ல யோசனை, ஆனா நம்ம யோசனை இல்லையே," என்றார். அதற்கடுத்தவர் அவளைத் துணை அமைச்சர் பதவியிலிருந்து இறக்கி ஆலோசகர் ஆக்கினார். அறை மாறியது, கார் போனது. பேருந்தில் வந்தாள். மாகாண ஆளுநர்கள் சாவியைச் சோம்களுக்கு விட்டுத்தர மாட்டோம் என்றார்கள். அவர்களைச் சமாதானம் செய்யும் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் அவள் முழங்கால் ஆடும், பக்கத்தில் இருப்பவரின் தேநீர்கூடச் சிந்தும், ஆனால் எழமாட்டாள். சுலூன்பாத் ஓய்வு பெற்றுப் போன பிறகும், வரைவுகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இந்த வரில ஓட்டை இருக்கு," என்பார்.

"எங்க?"

"நிரப்பணும்னு இருக்கு. யார் நிரப்பணும்னு இல்ல. யார்னு எழுதலன்னா, யாரும் நிரப்ப மாட்டாங்க."

இடையில் பழைய வங்கியின் புதுத் தலைவர் அவளை விருந்துக்கு அழைத்தார். முன்பைவிடப் பெரிய பதவி. அன்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். சோத்னோமுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நான் வேண்டாம்னாவது சொல்லிப் பாத்திருப்பேனே. அந்த வேலையும் எனக்கு இல்லாமப் பண்ணிட்ட," என்றான்.

அந்தக் கிடங்கு விதி ஒருவழியாக நிறைவேறியபோது அவள் ஆலோசகராகவும் இல்லை. தேர்தல் முடிந்து புதிதாக வந்தவர்கள் ஒரே காலையில் அவளையும் இன்னும் சிலரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் கிடங்கு ஊலான்ஹத்தில் எழுந்தது. திறப்பு விழாவில் யாரோ ஒருவர் நாடாவை வெட்டினார். சோம் பள்ளி ஆசிரியை ஒருத்தி அனுப்பிய படத்தில் நீலத் தகரக் கூரை தெரிந்தது. ஜிக்மித்தும் அந்த விழாவுக்கு அழைக்கப்பட்டதாகவும் வரவில்லை என்றும் அவளுக்குத் தெரியவந்தது. அவர் பாய்லர் வேலையிலேயே இருந்தார். மறுபடி ஆடு வாங்கவில்லை.

நன்சல்மா ஒரு கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு எடுத்தாள். மற்ற நாட்களில் நதியோரம் வெகுதூரம் நடந்துவிட்டு வருவாள். வீட்டுக்குள் இருந்தால் அலமாரிகளை இடம் மாற்றினாள். "இந்த அலமாரி எங்க வேணாலும் இருக்கட்டும், என் பல் கருவி பெட்டி மட்டும் எங்க இருக்குன்னு தினமும் காலைல சொல்லிடு," என்றான் சோத்னோம்.

அடுத்த கொடுங்குளிர் அந்த வருஷமே வந்தது. செய்தியில் மேற்கு மாகாணத்தின் பெயரைச் சொன்னதும் அவள் எழுந்துவிட்டாள். கணவாய் மூடிவிட்டது என்றார்கள். யாரைக் கேட்பது? அமைச்சகத்தில் அவளுக்கு இப்போது யாரும் இல்லை. காலையெல்லாம் அலைந்து, ஊலான்ஹத் சோம் தலைவரின் எண்ணை அந்த ஆசிரியையிடம் வாங்கிக் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு ஓர் இளைஞனின் குரல் கேட்டது. பின்னால் ஒரே இரைச்சல், டிராக்டர் சத்தம், நாய்க் குரைப்பு.

"யாரு?"

"நான் நன்சல்மா பேசறேன், தம்பி. உலான்பாத்தர்லேருந்து."

"எந்த நன்சல்மா? பத்திரிகையா?"

"இல்ல. கிடங்கு... கிடங்குல சரக்கு இருக்கான்னு கேக்கத்தான்."

"அதெல்லாம் இருக்குக்கா, நேத்தே திறந்தாச்சு. ஆளுங்க ஏத்திட்டிருக்காங்க. டேய், அந்தக் கட்டைக் கீழ வைடா, அது தெக்குப் பக்கத்து ஆளுங்களுது! தெக்கு! சரிக்கா, உங்களுக்கு வேற என்ன வேணும்?"

"எல்லாருக்கும் போதுமா?"

"எல்லாருக்கும் எங்க போதும்? வந்துட்டே இருக்காங்க. பாதியாவது பொழைக்கும். அக்கா, கை விறைச்சுப்போச்சு, ஃபோனை வெச்சுடட்டுமா? நெசமாவே வேலை இருக்கு."

"வை, தம்பி. வை."

ஆனால் அவன் அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தான்.

சோத்னோம் மதியச் சாப்பாட்டுக்காக வீட்டுக்கு வந்திருந்தான். கொழுக்கட்டைத் தட்டோடு வாசற்படியில் நின்றபடி, "என்னவாம்?" என்று கேட்டான்.

"பாதி பொழைக்குமாம்," என்றாள் நன்சல்மா. "மீதிப் பாதிக்கு அவங்க தெக்குப் பக்கம் இன்னொரு கிடங்கு கட்டணும். ஒண்ணு போதாதுன்னு நான் அப்பவே எழுதியிருக்கணும்." கைபேசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, சுலூன்பாத்தின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.